பந்தியில் இருப்பவரை எழுப்பாமல்

தீபாவளிக்குப் பத்து நாள் இருந்த ஓர் இரவு. மணி பன்னிரண்டு. காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர் வீட்டு முகப்பில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெருவில் நாய்கூடக் குரைக்கவில்லை. இந்த நேரத்தில் யார் முறுக்கு வாங்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில், நான் பார்த்துக்கொள்ளும் ஒரு பலகாரக் கடையின் என்ஜின்எக்ஸ் அமைப்புக் கோப்பைத் திறந்தேன். வருகிறவர்களுக்கு இணையதளத்தை எடுத்துக் கொடுக்கும் சர்வர் மென்பொருள்தான் என்ஜின்எக்ஸ். படங்களை பிரவுசர் ஒரு மாதம் சேமித்து வைத்துக்கொள்ளட்டும் என்று ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். சேர்த்தேன், சேமித்தேன், ரீஸ்டார்ட் கொடுத்தேன். ஓடிக்கொண்டிருந்த என்ஜின்எக்ஸ் நின்றது. திரும்ப எழவில்லை.

வரியின் முடிவில் அரைப்புள்ளி போடவில்லை. அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினோரு நிமிடம் ஆனது. பிழைச் செய்தியில் வரி எண் இருந்தது, ஆனால் அது அடுத்த வரியின் எண். அரைப்புள்ளி கிடைக்கும்வரை என்ஜின்எக்ஸ் படித்துக்கொண்டே போகும். அடுத்த வரியின் முடிவில் ஒன்று கிடைத்ததும் அங்கே நின்று, சொற்களின் எண்ணிக்கை சரியில்லை என்று புகார் சொல்லும். நானோ குற்றமில்லாத அந்த அடுத்த வரியையே முறைத்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து பிழை ஒரு வரியைக் காட்டினால் முதலில் அதற்கு மேல் வரியைத்தான் பார்க்கிறேன்.

காலையில் கடையை நடத்தும் ஆச்சி போன் செய்தார்கள். "தம்பி, ராத்திரி கடையைச் சாத்திட்டியாமே? நியூஜெர்சியில இருந்து பேத்தி கூப்பிட்டா. பணம் கட்டி முடிக்கிற நேரத்துல ஒண்ணுமே வரலையாம்."

பேத்தி மட்டுமில்லை, இன்னொருவருக்கும் பணம் போயிருந்தது, ஆர்டர் பதிவாகவில்லை. பணம் வந்துவிட்டது என்று சொல்லப் பணம் வசூலிக்கும் சேவை எங்கள் சர்வரின் கதவைத் தட்டியபோது கதவு சாத்திக் கிடந்திருக்கிறது. வரவுப் பட்டியலை வைத்து இருவரையும் கையால் தேடிப் பிடித்தேன். ஆச்சி இரண்டு பெட்டியிலும் ஆளுக்கு ஒரு பொட்டலம் மணகோலம் கூடுதலாக வைத்து அனுப்பினார்கள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

நடுராத்திரியில் செய்தால் யாருக்கும் தெரியாது என்பது மற்ற ஊர்களுக்குச் சரியாக இருக்கலாம். இது பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிப் போனவர்களின் ஊர். இன்று சிங்கப்பூரில் பாதி, அமெரிக்காவில் பாதி என்று இருக்கிறார்கள். அக்டோபரில் காரைக்குடியில் நள்ளிரவு பன்னிரண்டு என்றால் நியூஜெர்சியில் பிற்பகல் இரண்டரை. சாப்பிட்டுவிட்டு தீபாவளிக்குப் பலகாரம் சொல்லும் நேரம். அங்கே அவர்கள் தூங்கப்போகும்போது சிங்கப்பூரில் கடை திறந்திருப்பார்கள். அந்த வாரத்து லாகை, அதாவது யார் எப்போது வந்தார்கள் என்ற சர்வர் பதிவை, மணிவாரியாக எண்ணிப் பார்த்தேன். காலியான மணிநேரம் என்று ஒன்றுகூட இல்லை. சரி, நேரம் பார்த்துத் தப்பிக்க முடியாது, முறையைத்தான் மாற்ற வேண்டும் என்று அப்போது புரிந்தது.

முறை ஒன்றும் புதிதல்ல, கல்யாண வீட்டில் பார்த்ததுதான். இலையில் உட்கார்ந்தவரைப் பாதியில் எழுப்புவதைப்போல அவமரியாதை நம் பக்கம் வேறு கிடையாது. கவுனி அரிசி தீர்ந்துபோய் அடுத்த பந்திக்குப் பால் பாயசம் என்று முடிவானால், உட்கார்ந்திருக்கிறவர்களிடம் அதை யாரும் சொல்வதில்லை. அவர்களுக்கு அதே ஆட்கள் மோர்வரை பழைய பட்டியல்படியே பரிமாறி முடிப்பார்கள். அதற்குள் அடுத்த கூடத்தில் புது இலை விரித்து, புது ஆட்கள் புதுப் பட்டியலோடு நிற்பார்கள். வாசலில் வருகிறவர்கள் அங்கே அனுப்பப்படுவார்கள். பழைய கூடம் தானாகக் காலியாகும்.

என்ஜின்எக்ஸில் ரீலோட் என்பது இதுவேதான். மாஸ்டர் என்று ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்), அது மேஸ்திரி. வொர்க்கர்கள் என்று சில ப்ராசஸ்கள், அவர்கள் பரிமாறுகிறவர்கள். ரீலோட் சொன்னதும் மாஸ்டருக்கு ஹப் என்ற சிக்னல் போகிறது. அது புதுக் கோப்பைப் படிக்கிறது. கோப்பில் தப்பு இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழையபடியே தொடர்கிறது. தப்பில்லை என்றால் புது வொர்க்கர்களை எழுப்பிவிட்டு, பழையவர்களிடம் கையில் இருக்கும் இணைப்புகளை முடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்கிறது. ரீஸ்டார்ட் என்றால் எல்லோரும் எழுந்திருங்கள், கூடத்தைக் கழுவ வேண்டும் என்பது. இதே வகையைச் சேர்ந்த அப்பாச்சி மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு இதே வேலையை கிரேஸ்ஃபுல் என்ற கட்டளை செய்கிறது.

ஆக, முதலில் 'என்ஜின்எக்ஸ் மைனஸ் டி' என்று சோதனை, அது தேறினால் மட்டும் ரீலோட். இரண்டுக்கும் நடுவே இரட்டை ஆம்பர்சாண்ட் (&&) போட்டு ஒரே கட்டளையாக வைத்திருக்கிறேன். முதலாவது தோற்றால் இரண்டாவது நடக்காது. பழக்கதோஷத்தில் கை ரீஸ்டார்ட் என்று தட்டினால், "பந்தி நடக்குது, நிச்சயமா?" என்று கேட்கும்படி ஒரு குட்டி ஸ்கிரிப்டும் எழுதிவைத்தேன். சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் மூன்று தடவை காப்பாற்றியிருக்கிறது.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சோதனை தேறியது என்றால் எழுத்துப்பிழை இல்லை என்று மட்டும்தான் அர்த்தம் என்பது அடுத்த ஒரு வருடத்தில் தவணை முறையில் விளங்கியது.

முதல் தவணை, கோப்பைப் பிரதி எடுத்துவைத்தது. மாற்றுவதற்கு முன் பழைய கோப்பைப் பத்திரப்படுத்துவது நல்ல பழக்கம்தானே? சைட்ஸ்-எனேபிள்டு என்ற ஃபோல்டருக்குள்ளேயே, பலகாரம் என்ற கோப்பை ஓல்டு-பலகாரம் என்று பிரதி எடுத்தேன். அப்புறம் அசல் கோப்பைத் திருத்தினேன். சோதனை தேறியது. ரீலோட் செய்தேன். ஒன்றும் மாறவில்லை. திருத்தினேன், ரீலோட், மாறவில்லை. அரை மணி நேரம் பிரவுசரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். நடந்தது இது: டெபியன், உபுண்டு லினக்ஸ் ஏற்பாட்டில் அந்த ஃபோல்டரில் எந்தப் பெயரில் கோப்பு இருந்தாலும் என்ஜின்எக்ஸ் எடுத்துக்கொள்ளும், அதுவும் பெயர் வரிசையில். ஆங்கிலத்தில் ஓவுக்கு அப்புறம்தான் பி. அதனால் என் பிரதி முதலில் ஏறி அமர்ந்துகொண்டது. அதே தளத்தின் பெயரோடு இரண்டாவதாக வந்த அசலை, பெயர் மோதுகிறது, புறக்கணிக்கிறேன் என்று ஒதுக்கிவிட்டது. சோதனையின்போது இதைச் சொல்லத்தான் செய்தது. ஆனால் அது எச்சரிக்கை மட்டும்தான், பிழை இல்லை. கடைசி வரியில் 'சக்சஸ்ஃபுல்' என்று பார்த்ததும் என் கண் மேலே போகவில்லை. இப்போது பிரதி எதையும் அந்த ஃபோல்டரில் வைப்பதில்லை. என்ஜின்எக்ஸ் ஃபோல்டர் முழுவதும், ஒவ்வொரு திருத்தத்தையும் பதிவு செய்துவைக்கும் கிட் என்ற கருவியில் இருக்கிறது. சோதனையில் ஒரே ஓர் எச்சரிக்கை வந்தாலும் தோல்வி என்றே கணக்கு.

கிட் வைத்ததில் இன்னொரு லாபம். காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை விற்கும் ஒருவரின் சர்வரை வேறொருவரிடமிருந்து வாங்கிப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு வரியை மாற்றி ரீலோட் செய்தால், நான் தொடாத ஒரு பக்கம் காணாமல்போனது. முன்பு பார்த்தவர் எப்போதோ எதையோ திருத்திவிட்டு ரீலோட் செய்யாமல் போயிருக்கிறார். கோப்பில் இருந்தது ஒன்று, நினைவகத்தில் ஓடியது வேறு. என் ரீலோட் அவருடைய பாதி வேலையையும் சேர்த்து அரங்கேற்றிவிட்டது. நான் தொடாமலே இருந்தாலும், என்றைக்காவது சர்வர் ரீபூட் ஆகும்போது அது வெடித்திருக்கும். ஆகவே எதையும் திருத்துவதற்கு முன்னால், ஒன்றும் மாற்றாமலே ஒரு சோதனை, கிட்டில் பதிவாகாத திருத்தம் ஏதும் கிடக்கிறதா என்று ஒரு பார்வை. வேலையை ஆரம்பிக்கும் முன் வீட்டுக்காரர் முன்னால் பாத்திரத்தை எண்ணிக்கொள்வதுபோல.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு நிஜமாகவே வேர்த்தது.

பலகாரக் கடைத் தளத்தில் யாராவது கண்மண் தெரியாமல் கோரிக்கை அனுப்பினால் தடுக்க, ஐபி முகவரிக்கு வினாடிக்கு இத்தனை என்று ஒரு வரம்பு வைத்திருந்தேன். தீபாவளி நெருக்கத்தில் சிலருக்கு 503, அதாவது இப்போது சேவை இல்லை என்ற பிழை, வருவதாகப் புகார். பார்த்தால், மொபைல் இணைப்பில் வருகிற பலர் ஒரே பொது ஐபியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அத்தனை பேரையும் ஓர் ஆளாகக் கணக்கிட்டுத் தடுத்துக்கொண்டிருந்தது என் வரம்பு. சரி, ஐபிக்குப் பதிலாக, ஒவ்வொரு பிரவுசருக்கும் தளம் கொடுக்கும் அடையாளச் சீட்டான செஷன் குக்கியை வைத்து எண்ணட்டும் என்று மாற்றினேன். சோதனை தேறியது. ரீலோட்டும் சத்தமில்லாமல் முடிந்தது. நிம்மதியாகச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் 503 அப்படியே வந்துகொண்டிருக்கிறது.

எர்ரர் லாகைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இந்த வரம்புக்கான கணக்கை என்ஜின்எக்ஸ் ஒரு பெயர் வைத்த பகிர்வு நினைவகத்தில் வைத்திருக்கும். ரீலோட்டில் அந்த நினைவகம் அழிவதில்லை, புது அமைப்புக்குக் கைமாறுகிறது. பெயர் அதேதான், ஆனால் எண்ணும் சாவி (எதை வைத்து எண்ணுவது என்பது) மாறிவிட்டது என்றால் மாஸ்டர் ஒப்புக்கொள்ளாது. புது அமைப்பையே மொத்தமாக நிராகரித்துவிட்டுப் பழையதில் தொடரும். சோதனைக் கட்டளையோ தனியாக ஓடுகிற வேறு ப்ராசஸ். அதற்கு ஓடிக்கொண்டிருக்கும் பழைய நினைவகம் தெரியாது, தேறிவிட்டது என்று சொல்லும். ரீலோட் கட்டளையும் சிக்னலைக் கொடுத்துவிட்டுத் தன் வேலை முடிந்தது என்று போய்விடும். மாஸ்டர் மறுத்ததை அது நின்று கேட்பதில்லை. மூன்று பேரில் இரண்டு பேர் சரி என்கிறார்கள், மூன்றாமவர் மட்டும் லாகில் முனகுகிறார்.

தீர்வு சின்னதுதான், அந்த நினைவகத்துக்கு வேறு பெயர் கொடுத்தால் போதும். ஆனால் அன்றோடு ரீலோட் ஆகிவிட்டது என்று டெர்மினல் சொல்வதை நம்புவதை விட்டேன். ரீலோடுக்கு முன் பக்கத்திலேயே இன்னொரு ஜன்னலில் எர்ரர் லாக் ஓட வேண்டும். ரீலோட் முடிந்ததும் ப்ராசஸ் பட்டியலில் வொர்க்கர்களின் எண்கள் மாறியிருக்கின்றனவா, தொடங்கிய நேரம் இப்போதையதா என்று பார்க்க வேண்டும். அதற்கும் மேலே, நான் எதற்காக மாற்றினேனோ அதை கர்ல் என்ற கட்டளையை வைத்து ஒரு முறை வெளியிலிருந்து தொட்டுப் பார்க்க வேண்டும். இதே குடும்பத்தில் இன்னொன்று: வேறொரு நிரல் பிடித்துவைத்திருக்கும் போர்ட்டைப் புதிதாகக் கேட்டாலும் சோதனை தேறும், ரீலோட்தான் உள்ளே தோற்கும்.

ப்ராசஸ் பட்டியலைப் பார்க்கத் தொடங்கிய பிறகு இன்னொரு வேடிக்கை தெரிந்தது. அந்த சர்வர் ஒரு ஜிபி ரேம் உள்ள சின்ன வாடகைச் சர்வர். அதில் 'ஷட்டிங் டவுன்' என்று தலைப்பிட்டுக்கொண்டு ஒன்பது பழைய வொர்க்கர்கள் நின்றுகொண்டிருந்தார்கள், இரண்டு பேர் மூன்று நாளாக. ஆச்சியின் சமையற்கட்டில் ஒரு டேப்லெட் மாட்டியிருக்கிறோம், ஆர்டர் வந்ததும் அதில் தெரியும். அது வெப்சாக்கெட் இணைப்பு. திறந்தால் திறந்ததுதான், தானாக மூடாது. கையில் இருப்பதை முடித்துவிட்டுக் கிளம்பு என்றால், முடியாத வேலை வைத்திருப்பவர் எப்படிக் கிளம்புவார்? பந்தியில் எல்லோரும் கைகழுவப் போன பின்னும் ஒரு தாத்தா மட்டும் இலையில் பாயசத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பாரே, அதேதான். எழுப்பவும் முடியாது, கூடத்தைப் பூட்டவும் முடியாது. இதற்கு என்ஜின்எக்ஸில் வொர்க்கர் ஷட்டவுன் டைம்அவுட் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, 2017 முதல். ஐந்து நிமிடம் என்று வைத்தேன். அதற்குமேல் மிச்சமிருக்கும் இணைப்புகளை மூடிவிட்டுப் போய்விடும். டேப்லெட் துண்டிக்கப்பட்டால் தானே மறுபடி இணைந்துகொள்ளும்படி எழுதியிருக்கிறோமா என்று அதற்கு முன் பார்த்துக்கொண்டேன். ஏற்கெனவே தொங்குகிறவர்களுக்கு இந்த அமைப்பு பொருந்தாது, அவர்கள் பழைய பட்டியலோடு பிறந்தவர்கள். அவர்களைக் கையால்தான் அனுப்பிவைத்தேன்.

சர்வரில் திருப்பி எடுக்க முடிகிற தப்புகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். எடுக்க முடியாததும் உண்டு. ஆத்தங்குடியில் டைல்ஸ் செய்யும் அண்ணன் ஒருவர் தன் தளத்தின் முகவரிகளை மாற்றச் சொன்னார். பழைய டிசைன் பக்கங்களைப் புதிய பக்கங்களுக்குத் திருப்பிவிட 301 கொடுத்தேன். விதியில் ஒரு தவறு, எல்லாம் முகப்புப் பக்கத்துக்குப் போய் நின்றன. ஒரு மணி நேரத்தில் பார்த்துத் திருத்தி ரீலோட் செய்துவிட்டேன். என் பக்கம் சரியாக வந்தது. அண்ணன் போனில் மட்டும் சரியாகவில்லை. 301 என்றால் நிரந்தரம். பிரவுசர் அதை மனப்பாடம் செய்துகொண்டு, அடுத்த முறை சர்வரைக் கேட்காமலே போய்விடும். அந்த ஒரு மணி நேரத்தில் வந்த அத்தனை பேரின் பிரவுசரிலும் என் தப்பு உட்கார்ந்திருந்தது. எந்த ரீலோடும் அங்கே போய்ச் சேராது.

அவரிடம் இதை எப்படி விளக்குவது என்று தவித்தேன். அவரே சொல்லிவிட்டார்: "நம்ம தொழில் மாதிரிதான் தம்பி. கண்ணாடி மேல நிறத்தை ஊத்துறப்பவே பார்த்துக்கணும். தண்ணித் தொட்டிக்குள்ள போனதுக்கப்புறம் என்ன செய்ய?" இப்போது திருப்பிவிடும் விதி எதுவானாலும் முதல் வாரம், தற்காலிகம் என்று சொல்லும் 302தான். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகே 301. இனி பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே வா என்று பிரவுசருக்குச் சொல்லும் எச்எஸ்டிஎஸ் தலைப்பும் இப்படித்தான், ஒரு வருடம் என்று போடுவதற்கு முன் ஐந்து நிமிடம் என்று போட்டுப் பார்க்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்பான இணைப்புக்கான லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் தானாகப் புதுப்பித்துக்கொண்டாலும், ரீலோட் செய்யும்வரை என்ஜின்எக்ஸ் நினைவில் இருக்கும் பழையதையே நீட்டும். சான்றிதழைப் புதுப்பிக்கும் செர்ட்பாட்டில், புதுப்பித்ததும் ஓட வேண்டிய கட்டளைக்கான இடமான டெப்லாய் ஹூக்கில் ரீலோடைச் சேர்த்துவைத்தால் தொல்லை விட்டது. என்ஜின்எக்ஸுக்குப் பின்னால் இருந்து வேலை செய்யும் சர்வரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால், தொடங்கும் நேரத்தில் அந்தப் பெயருக்கு முகவரி கிடைக்காவிட்டால் என்ஜின்எக்ஸ் எழவே எழாது. ரீபூட் ஆகும்போது நெட்வொர்க் வருவதற்கு முன் இது முந்திக்கொண்டால் கதை முடிந்தது. உள்ளூர் சேவை என்றால் எண் முகவரியே கொடுத்துவிடுவேன்.

என்ஜின்எக்ஸை எவ்வளவு மென்மையாக ரீலோட் செய்தாலும் அதன் பின்னால் ஆர்டரைக் கையாளும் செயலியை நிறுத்தினால் 502தான் வரும், அதை மறந்துவிடக் கூடாது. வாசலில் வரவேற்பு பிரமாதம், உள்ளே அடுப்பு அணைந்திருக்கிறது என்ற நிலை. செயலியை 3000, 3001 என்று இரண்டு போர்ட்டில் ஓடவிட்டு, ஒன்றை முடித்து அது பதில் சொல்வதைப் பார்த்த பிறகு மற்றதைப் புதுப்பிக்கிறேன். ஒன்று விழுந்தால் என்ஜின்எக்ஸ் மற்றதற்கு மாற்றி அனுப்பும். ஆனால் ஆர்டர் போன்ற விவரத்தைக் கொண்டுவரும் போஸ்ட் கோரிக்கை ஒன்று ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தால் அதை இரண்டாவது முறை அனுப்பாது. அனுப்பக் கூடாது என்பதுதான் சரி. இல்லாவிட்டால் பேத்தி ஒரு கிலோ தேன்குழலுக்கு இரண்டு முறை பணம் கட்டியிருப்பாள். அதனால் செயலியும் கையில் இருக்கும் ஆர்டரை முடித்துவிட்டே நிற்கும்படி எழுதியாக வேண்டும். எங்களுக்கு அதற்கு ஒரு வாரம் பிடித்தது.

போன தீபாவளி வாரத்தில் மாலை ஏழு மணிக்கு, ஆர்டர் கொட்டிக்கொண்டிருந்தபோதே மூன்று முறை ரீலோட் செய்தேன். மறுநாள் காலை ஆச்சியின் பெயர் போனில் வந்ததும் நெஞ்சு ஒரு துடிப்பு விட்டுப்போனது. சீப்புச் சீடைப் படம் மங்கலாக இருக்கிறது, வேறு எடுத்துப் போடு என்பதற்காகக் கூப்பிட்டிருந்தார்கள்.

இப்போது என் கவலை வேறு. இயங்குதளத்தின் உள்மையமான கெர்னலைப் புதுப்பிக்க மெஷினையே ரீபூட் செய்ய வேண்டும், அதற்கு எந்த ரீலோடும் உதவாது. இன்னொரு சர்வர் எடுத்து, வருகிறவர்களை இரண்டுக்கும் பங்கிட்டு அனுப்பும் ஒரு லோட் பேலன்சரை முன்னால் வைத்து, ஒன்றுக்கு வருகிற ஆட்களை நிறுத்திக் காலியாக்கிய பிறகு ரீபூட் செய்துவிட்டு, அப்புறம் அடுத்ததற்குப் போக வேண்டும். ஆச்சியிடம் கேட்டேன். மாத வாடகை எவ்வளவு என்றார்கள். சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"ரெண்டாவது அடுப்பா? கார்த்திகை கழியட்டும் தம்பி, பார்ப்போம்."